ஏப்ரன் போட்டிருந்தால் நாயைப் பிடித்துக்கொண்டு நிற்கலாமா?

ஆவணி 6

விசுவமடுவிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டது: "அண்ணா, மிருக வைத்திய நிலையம் ஒன்றில் உதவியாளராகச் சேர்ந்து மூன்று மாதம். எக்ஸ்ரே எடுக்கும்போது நாயை நான்தான் பிடிக்கிறேன். ஈய ஏப்ரன் தந்திருக்கிறார்கள். அதைப் போட்டால் ஒன்றும் செய்யாது, பயப்படாதே என்கிறார்கள். உண்மையா?"

பாதிதான் உண்மை, தங்கச்சி. மற்றப் பாதியை வேண்டுமென்று மறைத்திருக்க மாட்டார்கள். எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள். நானும் எனக்குப் பின்னால் வந்த இரண்டு பொடியன்களுக்கு அதையே சொல்லிக் கொடுத்தேன்.

ஏப்ரன் தடுப்பது சிதறி வருகிற கதிரை. குழாயிலிருந்து நேராக இறங்கும் கதிர் நாயின் உடம்பில் பட்டு நாலாபக்கமும் தெறிக்கும். மேசையருகில் நிற்கிற ஆளுக்கு வந்து சேர்வதில் பெரும்பகுதி நாயிடமிருந்து வருவதுதான், மெஷினிலிருந்து அல்ல. அந்தத் தெறிப்புக்கு அரை மில்லிமீற்றர் ஈயத்துக்குச் சமமான ஏப்ரன் நல்ல மறைப்பு. நேர்க்கதிருக்கு அதை நம்பக் கூடாது. அதோடு ஏப்ரன் மூடுவது நெஞ்சிலிருந்து முழங்கால் வரைக்கும். நாயை எதால் பிடிக்கிறாய்? கையால்.

நான் வேலை பழகிய இடம் ஏ9 வீதியோரம், பெயர் வேண்டாம். அங்கே ஒரு நாயின் முன்னங்காலைப் படம் எடுத்தோம். காலெலும்புக்குப் பக்கத்தில் என் நாலு விரல் எலும்பு, மோதிரத்தோடு. எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். அந்தப் படத்தைப் போனில் எடுத்துக்கொண்டு போய் வீட்டிலும் காட்டினேன்.

ஆக, படம் எடுக்கிற கணத்தில் அறைக்குள் நிற்காதே. வேறு வழியே இல்லை என்றால் தள்ளி நில். ஒரு அடியில் நிற்கிறவர் ஆறு அடிக்குப் போனால் அவருக்குக் கிடைப்பது ஆறில் ஒன்று.

ஆவணி 6, இரவு

"ஈயக் கையுறை போட்டால் கையும் தப்புமே" என்று ஒருவர். ஓம் என்று எழுதப் போனேன், பிறகு அழித்தேன். கையுறையும் தெறிப்புக்குத்தான். மெஷினில் சதுரமாக ஒரு வெளிச்சம் விழுமே, கதிர் விழப்போகிற இடம் அது. கையுறை போட்ட கையாக இருந்தாலும் அந்தச் சதுரத்துக்குள் போகக் கூடாது.

இன்னொரு பழக்கமும் இருக்கிறது: கையுறைக்குள் கையை விட்டால் வழுக்குகிறது, வேர்க்கிறது என்று அதைச் சும்மா புறங்கையில் போர்த்திக்கொள்வது. தெறிப்பு கீழே மேசையிலிருந்தும் நாயிலிருந்தும் வரும். மேலே போர்த்தி என்ன பயன்? மழைக்குக் குடையைக் காலடியில் விரித்த கதை.

ஆவணி 8

திருத்தம். கணித வாத்தியாரான என் சிநேகிதர் முந்தாநாள் எழுதியதைப் பார்த்துவிட்டுப் போன் எடுத்து ஏசினார். ஆறில் ஒன்று அல்ல, முப்பத்தாறில் ஒன்று. தூரம் இரண்டு மடங்கானால் கதிர் நாலில் ஒன்று, மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்று. நாயின் உடம்பு ஒரு புள்ளி அல்ல, அதனால் மேசைக்குக் கிட்ட இந்தக் கணக்கு அச்சொட்டாக வராது. தள்ளிப் போகப் போகச் சரிவரும்.

என் பிழை நல்ல பக்கமாகத்தான் போயிருக்கிறது. இரண்டு எட்டுப் பின்னால் வைப்பதற்கு ஐந்து சதம் செலவில்லை, இவ்வளவு மிச்சம்.

ஆவணி 15

"பிடிக்காமல் எப்படி எடுப்பது? நாய் என்ன, சொன்னால் படுத்துக் கிடக்குமா?" இதைத்தான் எல்லோரும் கேட்கிறீர்கள். நானும் பல வருடம் இதைச் சொல்லித்தான் தப்பித்தேன்.

கிடக்காது. அதனால் மயக்க ஊசி. முழு மயக்கம் தேவையில்லை, அரைத் தூக்கம் போதும். மருந்தையும் அளவையும் தீர்மானிப்பது டொக்டர். உதவியாளர் செய்ய வேண்டியது, ஊசி போட்டதும் அவசரப்படாமல் இருப்பது. அறையை அமைதியாக்கி, வெளிச்சத்தைக் குறைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் விடவேண்டும். எங்கள் ஆட்கள் இரண்டு நிமிடத்தில் காலை இழுத்துப் பார்ப்பார்கள், நாய் முழிக்கும், பிறகு "இந்த ஊசி வேலை செய்யாது" என்பார்கள்.

அப்புறம் மணல் மூட்டை. பழைய டெனிம் காற்சட்டையின் காலை வெட்டி, மணலைப் பொலித்தீன் பையில் கட்டி உள்ளே வைத்துத் தைக்க வேண்டும். பொலித்தீன் எதற்கு என்றால், நாய் மூத்திரம் போகும். முக்கால்வாசி மட்டும் நிரப்புங்கள். முட்ட நிரப்பினால் வளையாது, கழுத்தில் போட்டால் உருண்டு விழும். மணல் படத்தில் வெள்ளையாகத் தெரியும், அதனால் வெளிச்சச் சதுரத்துக்கு வெளியேதான் வைக்க வேண்டும். முண்டு கொடுக்க ஸ்பொஞ்ச் நல்லது, கதிர் அதனூடாகப் போய்விடும், படத்தில் தெரியாது. பழைய மெத்தையை ஆப்பு வடிவில் வெட்டி, கழுவக்கூடிய துணி போர்த்தால் சரி. கால்களைப் பண்டேஜ் துணியால் சுருக்குப் போட்டு முன்னுக்கும் பின்னுக்கும் இழுத்து மேசைக் காலில் கட்டலாம். நெஞ்சுப் படத்துக்கு முன்னங்காலை நன்றாக முன்னால் இழுக்க வேண்டும், இல்லாவிட்டால் தோள் தசை நுரையீரலை மறைத்து இரண்டாம் தரம் எடுக்க வைக்கும். ஆளுக்கும் நாய்க்கும் வீணாகக் கதிர் ஏற்றுவது இந்த "இன்னொருக்கா எடுப்போம்"தான்.

மூச்சுக்குத் திணறுகிற நாய் பூனை வேறு கதை. மல்லாக்காகக் கிடத்தினால் படம் எடுக்கும் முன்பே போய்விடும். நெஞ்சு நிலத்தில் படக் குந்தியபடியே எடுக்க வேண்டும், அல்லது முதலில் ஒட்சிசன் கொடுத்துவிட்டு எக்ஸ்ரேயைப் பிறகு பார்க்கலாம். டொக்டர் பொறு என்றால் பொறுக்க வேண்டும்.

ஊசி என்றதும் முறுகுவது நாய்க்காரர்தான். "மயக்கினால் எழும்பாதாம்" என்பார். சில நாய் எழும்பாமல் போவதும் உண்டு, பொய் சொல்ல மாட்டேன். வயசான, இதயம் பழுதான நாயென்றால் டொக்டர் இரண்டு தரம் யோசிப்பார். அப்படி ஊசி போட முடியாமல், படமும் எடுத்தே ஆகவேண்டிய நாய் எப்போதாவது வரும். அன்றைக்கு மட்டும் ஒருவர் பிடிக்கலாம்: ஏப்ரன், கழுத்தை மறைக்கிற தைரொயிட் பட்டி, கையுறை எல்லாம் போட்டு, கை சதுரத்துக்கு வெளியே, தலை பின்னால். ஒவ்வொரு முறையும் ஒரே ஆள் பிடிக்கக் கூடாது. எங்கள் இடத்தில் அந்த "எப்போதாவது" தினமும் வந்தது, பிடித்ததும் நான் ஒருவன்தான்.

ஆவணி 15, பின்னேரம்

மறந்துவிட்டேன். நாய்க்காரரின் பன்னிரண்டு வயது மகன் "என் சொல் மட்டும்தான் கேட்கும், நான் பிடிக்கிறேன்" என்று வருவான். வரவே விடாதீர்கள். சர்வதேச விதிப்படி 16 வயதுக்குக் கீழே யாரும் கதிர்வீச்சு வேலை செய்யக் கூடாது. பிள்ளைத்தாய்ச்சியும் கதவுக்கு வெளியே.

ஆவணி 16

மாட்டுக்கு எவ்வளவு ஊசி வேண்டும் என்று ஒரு பட்டிக்காரர். சைலசீன் என்கிற மருந்துக்கு மாடு மிகவும் மசியும். எடைக்கு எடை பார்த்தால் குதிரைக்குப் போடுவதில் பத்தில் ஒரு பங்கு போதும். நாம்பன் பார்க்க மலை மாதிரி நிற்கும், ஊசிக்கு முன்னால் பூனை. அதனால்தான் அளவைத் தெரியாத ஆள் ஊசியைத் தொடக் கூடாது. பசு நிறைமாதச் சினை என்றால் அதை டொக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள், அந்த மருந்து கருப்பையைச் சுருங்க வைக்கும்.

புரட்டாதி 2

முள்ளியவளையிலிருந்து ஓர் அம்மா: "பசுவுக்குக் காலில் எக்ஸ்ரே எடுத்தார்கள். பாலைப் பேரப்பிள்ளைக்குக் கொடுக்கலாமா? பக்கத்து வீட்டுக்காரர் ஊற்றச் சொல்கிறார்."

அம்மா, எக்ஸ்ரே என்பது லைற் மாதிரி. சுவிட்சை நிறுத்தினால் வெளிச்சம் அறைக்குள் மிச்சம் இருக்குமா? அப்படித்தான். பசுவிலும் தங்காது, பாலிலும் தங்காது, அறைச் சுவரிலும் தங்காது. படம் எடுத்த மறுகணமே உள்ளே போகலாம். ஆனால் மயக்க ஊசி போட்டிருந்தால் அந்த மருந்து பாலில் வரும். எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்று ஊசி போட்ட டொக்டரிடம் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஊற்றச் சொன்னது சரியாகவும் இருக்கலாம், காரணம்தான் வேறு.

புரட்டாதி 3

பக்கத்து வீட்டுக்காரர் நன்றி சொல்லியிருக்கிறார்.

புரட்டாதி 19

இது வேறு கதை, ஆனால் எழுதத் தோன்றுகிறது.

என் இடது தோளில் 2009 போரில் ஏறிய செல் (எறிகணை) துண்டு ஒன்று இன்னும் இருக்கிறது. எடுக்கப் போனால் நரம்பு போய்விடும் என்று விட்டுவிட்டார்கள். வன்னியில் இது புதினமில்லை. எங்கள் ஒழுங்கையில் மட்டும் மூன்று பேர். அதற்காக நாலைந்து தரம் எக்ஸ்ரே எடுத்திருக்கிறேன். எடுக்கிறவர் பலகையில் என்னைச் சாய்த்து, "மூச்சைப் பிடி, ஆடாதே" என்று சொல்லிவிட்டுச் சுவருக்குப் பின்னால் போய்விடுவார். இவ்வளவு பயந்தவர் எதற்கு இந்த வேலைக்கு வந்தார் என்று நினைப்பேன். எனக்கு அது உள்ளூரக் கோபம்கூட. என்னை விட்டுவிட்டு ஓடுகிறாரே.

நாய்க்கு எக்ஸ்ரே எடுக்கத் தொடங்கிப் பல வருடம் கழித்துத்தான் விளங்கியது. எனக்கு அது நாலைந்து தரம், அதால் ஒரு பயனும் இருந்தது. அவருக்கு அது ஒரு நாளைக்கு ஐம்பது தரம், ஒரு பயனும் இல்லை. நெஞ்சுப் படம் ஒன்றில் நோயாளிக்குப் போவது ஏறத்தாழ 0.02 மில்லிசீவர்ட் (உடம்பில் ஏறும் கதிரை அளக்கிற அலகு). சும்மா பூமியில் வாழ்வதற்கே, மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும், உலகச் சராசரியாக வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் எல்லோருக்கும் கிடைக்கிறது. ஒரு படத்துக்குப் பயப்படத் தேவையில்லை. கதிர் வேலை செய்கிறவருக்குச் சர்வதேச எல்லை ஐந்து வருடச் சராசரியாக வருடத்துக்கு 20, பொதுமக்களுக்கு 1. அவர் ஓடியது அந்த ஐம்பதிலிருந்து. நான் அந்தப் பக்கம் போய்ப் பதினொரு வருடம் மேசையோடு ஒட்டி நின்றிருக்கிறேன், ஓடாமல். அதைத் துணிவு என்றும் நினைத்தேன்.

(துண்டு இருக்கிறவர்கள்: எக்ஸ்ரேக்குப் பிரச்சினை இல்லை. எம்ஆர்ஐக்குப் போனால் கட்டாயம் சொல்லுங்கள், அது காந்தம்.)

புரட்டாதி 21

"செல் துண்டோடு மாடும் வருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, செல் துண்டுள்ள மாடு இப்போது வருவதில்லை. இப்போது வருவது கட்டுத்துவக்கு, பொறியாகக் கட்டிவைக்கிற துவக்கு. காட்டுப்பன்றிக்குக் கட்டியதில் நாயும் கன்றும் அகப்படும். படத்தில் சன்னங்கள் உளுந்து தூவியது மாதிரித் தெரியும். பன்றிக்கு வைக்கிற வெடியைக் கடித்து வாய் சிதறி வருபவையும் உண்டு. அதற்கு எக்ஸ்ரேக்கு முன் வேறு வேலை இருக்கிறது.

வாயைப் பற்றி எழுதியதால் ஒன்று: நாய் வாய் மூடாமல் எச்சில் ஒழுக நிற்கிறது, "தொண்டையில் எலும்பு மாட்டியிருக்கு, எக்ஸ்ரே எடுங்கோ" என்று கொண்டு வருவார்கள். எலும்பாகவும் இருக்கலாம், விசராகவும், அதாவது வெறிநோயாகவும் இருக்கலாம். வாய்க்குள் கை விடாதீர்கள். டொக்டர் பார்க்கும் வரை மேசையில் ஏற்றவும் வேண்டாம். கதிர் கொல்வதென்றால் முப்பது வருடம் எடுக்கும், இது அவ்வளவு காத்திருக்காது.

ஐப்பசி 5

கையில் தூக்கும் சின்ன மெஷின் பற்றிப் பலர் கேட்டதால்.

போன கிழமை ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வளவில் மறியாட்டுக்கு எடுத்தோம், லான்ட்மாஸ்டர் (கை உழவு இயந்திரம்) ஏறிய கால். மெஷின் பற்றரியில் ஓடும், அதனால் கரண்ட் ஏறி இறங்குகிற தொல்லை இல்லை. (கிளினிக்கில் பழைய மெஷின் வைத்திருக்கிறவர்கள் இதைக் கவனியுங்கள்: வோல்ற்றேஜ் விழுந்த நேரம் எடுத்தால் படம் வெளிறும், திரும்ப எடுக்க வேண்டும்.) ஆனால் மேசையில் கதிர் கீழே இறங்கும், நின்ற மிருகத்துக்குப் பக்கவாட்டில் போகும். ஆட்டைத் தாண்டிப் படம் விழுகிற பிளேற், பிளேற்றைத் தாண்டி என்ன? அன்று வேலி, வேலிக்கு அப்பால் கிணற்றடியில் ஒரு பெண் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார். முதல் படத்துக்குப் பிறகுதான் நான் அதைக் கண்டேன். இரண்டாவதற்கு ஆட்டைத் திருப்பி, கதிர் வெறும் வயலைப் பார்க்கும்படி நிறுத்தினோம். முதலில் பார்த்திருக்க வேண்டும்.

மெஷினைக் கையில் ஏந்தாமல் தாங்கியில் வைக்க வேண்டும். பிளேற்றையும் கையால் பிடிக்காமல் நீளப் பிடியுள்ள சட்டத்தில் செருகலாம், தச்சரிடம் சொன்னால் ஒரு மணித்தியால வேலை. சுவிட்ச் வயர் இரண்டு மீற்றருக்காவது நீள வேண்டும். சுருட்டிக் கட்டிய வயரை அவிழ்க்காமலே அமத்துகிறவர்களைக் கண்டிருக்கிறேன்.

சுவருக்கும் இதே கேள்வி. ஒன்பது அங்குலக் கட்டிச் செங்கல் நல்ல மறைப்பு. இங்கே மீள்குடியேறிய பின் கட்டியதில் நிறைய உள்ளே பொந்துள்ள சீமெந்துக் கல், அது அதற்குச் சமம் அல்ல. கதவு பலகை. கதவுக்கு வெளியே ஆட்கள் காத்திருக்கும் வாங்கு! வாங்கை மாற்றிப் போடுங்கள் முதலில். மற்றதை அணுசக்தி ஒழுங்குபடுத்தும் பேரவை ஆட்கள் வந்து அளந்து சொல்வார்கள். 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க இலங்கை அணுசக்திச் சட்டப்படி மெஷினுக்கு அவர்களின் அனுமதிப்பத்திரம் வேண்டும். நாய்க்குத்தானே என்று விலக்கு இல்லை.

ஐப்பசி 6

"டிஜிட்டல் பிளேற்றுக்குக் கதிர் குறைவுதானே?" குறைக்கலாம், தானாகக் குறையாது. பிலிமில் கதிர் கூடினால் படம் கறுத்துக் காட்டிக் கொடுக்கும். டிஜிட்டலில் கூடினால் படம் இன்னும் வடிவாக வரும், யாருக்கும் தெரியாது. அதனால் மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு தடிப்புக்கும் என்ன அளவு என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். படத்தில் நாலு ஓரமும் தெரியும்படி வெளிச்சச் சதுரத்தைச் சுருக்குங்கள். பிறகு கணினியில் ஓரம் வெட்டி அழகாக்குவது கணக்கில் வராது.

ஐப்பசி 11

பட்ஜ் கதை. கதிரை அளக்கிற பட்ஜ் எனக்கும் கடைசியில் தந்தார்கள். ஏப்ரனுக்கு உள்ளே, நெஞ்சில் குத்தியிருக்க வேண்டியது. நான் ஏப்ரனிலேயே குத்தி, ஏப்ரனை எக்ஸ்ரே அறைக் கொழுவியில் விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போவேன். மூன்று மாதம் கழித்து வந்த அளவைப் பார்த்து டொக்டர் வெளிறிப்போனார். பிறகுதான் பிடிபட்டது: பட்ஜ் வேலை செய்தது, நான் செய்யவில்லை. அதற்காக என் அளவு குறைவு என்றும் சொல்ல முடியாது. நான் வாங்கியது எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாமலே போய்விட்டது. எழுதும்போது பகிடியாகத்தான் தொடங்கினேன்.

ஏப்ரனை மடிக்கவும் கூடாது. எங்களுடையது மடித்துக் கதிரையில் கிடக்கும், பூனை அதில் படுக்கும். ஒருநாள் அதையே எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம். மடிப்பு விழுந்த இடமெல்லாம் கோடையில் வெடித்த குளம்.

கார்த்திகை 8

1895இல் இதே நாளில், நவம்பர் 8இல்தான் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பேர்க்கில் றொன்ட்ஜன் இந்தக் கதிரைக் கண்டார். மார்கழி (டிசம்பர்) 22இல் மனைவியின் கையைப் படம் எடுத்தார். விரல் எலும்பு, மோதிரம். என் போனில் இருக்கிறதும் அதே படம்தான், கூட ஒரு நாய்க்கால். அவருக்கு 1901இல் பௌதிகவியலுக்கான முதலாவது நோபல் பரிசு.

அந்தக் காலத்தில் எடிசனின் உதவியாளராக கிளாரன்ஸ் டாலி என்று ஒருவர் இருந்தார். கதிர்க் குழாயைத் தன் கையை வைத்தே சோதித்துச் சோதித்து, புண் வந்து, புற்றாகி, இரண்டு கையும் வெட்டப்பட்டு 1904இல் இறந்தார். அவர் நிலையைக் கண்ட எடிசன் எக்ஸ்ரே வேலையையே கைவிட்டார். டாலியும் உதவியாளர்தான் என்பதை நான் இன்றைக்குத்தான் கவனித்தேன்.

கார்த்திகை 14

முதல் கேள்வி கேட்ட தங்கச்சி தனியாக எழுதியிருந்தா. கேட்டுத்தான் இங்கே போடுகிறேன். பிள்ளைத்தாய்ச்சி, இரண்டு மாதம். இவ்வளவு நாளும் நாய் பிடித்திருக்கிறா. பயந்துபோய், யாரோ பேச்சைக் கேட்டு, வைத்துக்கொள்ளலாமா என்றே யோசிக்கிறா.

தங்கச்சி, முதலில் இதை வாசி. வயிற்றிலுள்ள பிள்ளைக்கு 100 மில்லிகிரேக்கு (இதுவும் கதிர் அளவுதான், எக்ஸ்ரேயில் மில்லிசீவர்ட் மாதிரி) குறைவாகப் போயிருந்தால் கதிரைக் காரணம் காட்டிக் கருவைக் கலைக்கத் தேவையில்லை என்று கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணைக்குழு சொல்கிறது. ஏப்ரன் போட்டு நின்ற உனக்கு வயிற்றில் தெறிப்பால் போவது அந்த எண்ணுக்குக் கிட்டவும் வராது. நாளைக்கே தாய்மார் கிளினிக்கில் சொல்லு, பட்ஜ் இருந்தால் அதன் அளவையும் கொண்டு போ. வேலை செய்யும் இடத்தில் எழுத்தில் அறிவி. அறிவித்த நாளிலிருந்து பிள்ளை பிறக்கும் வரை பிள்ளைக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகாமல் பார்ப்பது அவர்கள் கடமை. இன்றிலிருந்து அந்த அறைக்குள் நீ பிடிக்காதே.

பிள்ளைத்தாய்ச்சி கதவுக்கு வெளியே என்று ஆவணியில் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போனேன். அது நாய் கொண்டு வருகிற பெண்களை நினைத்து எழுதியது. பிடிக்கிற பெண் ஒருத்திதான் என்னைக் கேட்டது என்பது மண்டையில் ஏறவில்லை.

கார்த்திகை 23

பதில் வந்தது. கிளினிக்கில் எல்லாம் சரி என்றார்களாம். அவர்களின் டொக்டர் முதலில் முகத்தைச் சுளித்தாராம், பிறகு இதை மேலிருந்து கீழ்வரை வாசித்துவிட்டு மேசைக்கு நாலு கொளுக்கி அடிக்க ஆள் பிடித்தாராம். மணல் மூட்டை மட்டும் இல்லையாம்.

ஆறு தைத்து வைத்திருக்கிறேன். பெரிசு இரண்டு, சின்னன் நாலு. மழை விட்டால் வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் வருவேன், கொண்டு வருகிறேன். வழியில் மறித்து மணலுக்குப் பெர்மிட் கேட்டால் டொக்டரின் நம்பரைக் கொடுப்பேன்.